நீல நண்டின் இரண்டாம் பக்கம்

நெல்லித்தோப்பு மீன் மார்க்கெட்டில் கண்ணகி உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, நாலு எட்டு வைத்தால் வைத்திலிங்கத்தின் ஐஸ் கடை. மார்க்கெட்டில் இருக்கும் அத்தனை பொம்பளைகளும் அவனிடம்தான் ஐஸ் வாங்குகிறார்கள். கண்ணகிக்கு மட்டும் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து ஆட்டோவில் வரும். வந்து சேர்வதற்குள் கால்வாசி தண்ணீராகிவிடும். இதென்ன வீம்பு என்று ஆட்டோக்காரனே ஒருநாள் கேட்டுப் பார்த்தான். "தண்ணியா வந்தாலும் சரி. அந்த ஆள் கை பட்ட ஐஸ்ல என் மீனு படுக்காது" என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்கு அறுபத்தெட்டு வயசு. முழங்காலுக்கு வயசாகிவிட்டது, கண்ணுக்கு வயசாகிவிட்டது, வாய்க்கு மட்டும் ஆகவில்லை. வைத்திலிங்கத்தோடு அவள் பேசி ஐம்பது வருஷம் ஆகிறது. பேசுவதில்லையே தவிர, திட்டாமல் ஒரு நாளும் விட்டதில்லை. அவனைப் பார்க்காமல், கையில் இருக்கும் மீனைப் பார்த்துத் திட்டுவாள். சங்கரா ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "நீ தேவலாம்டி. செத்தாலும் கண்ணத் தொறந்து வெச்சிகினு வந்து சேந்துட்ட. சிலது உசுரோட இருந்தும் வர்றதில்ல" என்பாள். வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். எதிரே வைத்திலிங்கம் சாக்கில் சுற்றிய ஐஸ் பாளத்தை மரச் சுத்தியால் இன்னும் இரண்டு அடி ஓங்கி அடிப்பான்.

விஷயம் இதுதான். எழுபத்தைந்தாம் வருஷம் கண்ணகியின் அண்ணன் கோவிந்தசாமி கடலில் செத்துப்போனான். இருபத்தொரு வயசு. குருசுக்குப்பத்தில் அவனும் வைத்திலிங்கமும் ஒரே கட்டுமரத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள், ஒரு தட்டில் சாப்பிடுகிறவர்கள். அன்றைக்கு விடியற்காலை வைத்திலிங்கம் குடித்துவிட்டுத் தூங்கிப்போனான். கோவிந்தசாமி தனியாக மரம் தள்ளினான். மரம் மறுநாள் கரைக்கு வந்தது. அவன் அதற்கும் மறுநாள் வந்தான்.

தூங்கிப்போனதைக்கூடக் கண்ணகி மன்னித்திருப்பாள். அவள் அப்பனும் குடிகாரன்தான், குடித்தவன் தூங்குவது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் வைத்திலிங்கம் சாவுக்கு வரவில்லை. அதை எப்படி மன்னிப்பது? வெட்டுப் பகை, குத்துப் பகை என்றாலும் சாவு என்றால் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போவார்கள். நல்லதுக்கு வராதவனை ஊர் மறக்கும், கெட்டதுக்கு வராதவனை மறக்காது. பிணத்தைத் தூக்கும்போது கண்ணகி அங்கேயே மண்ணை வாரித் தூற்றிச் சொன்னாள், "எங்க வூட்டுச் சாவுக்கு வராதவன் வூட்டுச் சாவுக்கு நான் போவமாட்டேன்" என்று.

சொன்னதைச் செய்தும் காட்டினாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வைத்திலிங்கத்தின் பெண்டாட்டி அன்புசெல்வி செத்துப்போனாள். அன்புசெல்வி வேறு யாருமில்லை, கண்ணகியோடு குப்பத்தில் சேர்ந்து கருவாடு காயவைத்தவள். வைத்திலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டாள் என்ற ஒரே குற்றத்துக்காகக் கண்ணகி அவளோடும் பேச்சை விட்டாள். அவள் செத்த அன்றைக்கு மார்க்கெட்டில் எல்லாரும் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். கண்ணகி ஒருத்தி மட்டும் கடை விரித்து உட்கார்ந்திருந்தாள். ஒரு ஜனம் வாங்க வரவில்லை. மத்தியானம் வரை விசிறி மட்டையால் ஈ ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பகையில்தான் போன தை மாசம் ஆனந்தராஜ் வந்து மூக்கை நுழைத்தார்.

ஆனந்தராஜ் பழைய சொல்தா குடும்பம். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்தக் குடும்பத்து ஆண்களை ஊரில் 'முசே' என்று, பிரெஞ்சு 'ஐயா'வால்தான் கூப்பிடுவார்கள். எழுபத்துமூன்று வயசிலும் தோள்வரை நரைமுடி. அவர் மகள் சுவேதா ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணகியிடம் மீன் வாங்குகிறவள். அன்று அப்பாவையும் கூட்டி வந்திருந்தாள். கண்ணகி அப்போது ஒரு கெளுத்தி மீனிடம் வைத்திலிங்கத்தைப் பற்றி முறையிட்டுக்கொண்டிருந்தாள். உச்சியில் ஏறி உடைந்து இறங்கும் குரல் அது, மார்க்கெட்டின் கோடிவரை கேட்கும். ஆனந்தராஜ் அப்படியே நின்றுவிட்டார்.

"பர்தோன்... மன்னிக்கணும்மா, நீங்க குருசுக்குப்பமா?"

"ஆமா. மீனு வேணுமா, ஜாதகம் வேணுமா?"

"எழுபத்தஞ்சுல உங்க வீட்டுக்கு எதிர்ல நாலு பசங்க இருந்தோம். மியூசிக் போடுவோம். ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. எப்படி மறக்கும்? கித்தாரும் ஆர்கனும் வைத்துக்கொண்டு ராப்பகலாகக் கத்திய வீடு. குப்பத்தில் அதற்குப் பேயோட்டும் வீடு என்று பெயர். மீன் காய்கிற நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு நாலு பையன்கள் எதற்கு அங்கே வந்து குடியிருந்தார்கள் என்பது யாருக்கும் கடைசிவரை விளங்கவில்லை.

ஆனந்தராஜ் மடமடவென்று கதையைச் சொன்னார். அந்த நாலு பேரும் நீல நண்டு என்ற பெயரில் ஓர் இசைத்தட்டுப் போட்டார்கள். சைக்கடெலிக் ராக். இருநூறு தட்டு அடித்தார்கள், முப்பது விற்றது, மீதி ஒரு மழையில் ஊறிப்போனது. நாலு பேரும் நாலு திசைக்குப் போனார்கள். இப்போது பாரீசில் ஒருவன் பழைய சாமான் சந்தையில் அதில் ஒன்றைக் கண்டெடுத்துப் பைத்தியமாகி, தேடிப் பிடித்து வந்து, ஆனந்தராஜின் பீரோவில் கிடந்த மூல டேப்பை வாங்கிப்போய்ச் சுத்தம் செய்து மறுபடி வெளியிட்டிருக்கிறான். உலகம் முழுக்கக் கேட்கிறார்களாம். அதிலும் இரண்டாம் பக்கத்தில் வரும் பதினேழு நிமிஷப் பாட்டுக்குத்தான் எல்லாரும் உயிரை விடுகிறார்களாம்.

"அதுல ஒரு பொண்ணு குரல் வருது. அத்த வெச்சுத்தான் அந்தப் பாட்டே நிக்குது" என்று சொல்லி, போனைத் தட்டி அவள் காதருகே நீட்டினார்.

*கடலுக்குக் கண்ணில்லையா – என் கூடப் பொறந்தவனே*
*கட்டுமரம் கரைசேர நீ மட்டும் சேரலையே*
*வல காயப் போட்டிருக்கு – அண்ணே*
*வாரிக்கட்ட ஆளில்லையே...*

கண்ணகிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. யாரோ சின்னப் பெண் அழுகிறாள் என்று நினைத்தாள். பிறகு அந்தச் சின்னப் பெண் யாரென்று தெரிந்தது. அடுத்த நொடி போன் மீன் தண்ணீர்ப் பக்கெட்டில் கிடந்தது.

"அட பாவிங்களா! என் அண்ணன் சாவ நீங்க பாட்டாக்கி வித்தீங்களா? பொணத்து மேல உழுந்து நான் அழுதுகினு இருக்கேன், நீங்க ஜன்னல்ல உக்காந்து பதிவு பண்ணீங்களா? ஒருத்தன் வந்து ஒரு மாலை போட்டீங்களாடா?"

சுவேதா போனை எடுத்துத் துப்பட்டாவால் துடைத்தாள். ஆனந்தராஜ் கைகூப்பினார். கேட்காமல் செய்தது தப்புதான் என்றார், வயசு அப்படி என்றார். பிறகு, புத்தி எங்கே போயிற்றோ, பாரீஸ்காரன் அடுத்த மாசம் ஒரு விழா வைக்கிறான், அதில் அவளே வந்து மேடையில் இதைப் பாட முடியுமா என்றும் கேட்டுவைத்தார்.

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. கண்ணகி எழுந்து நின்று இடுப்பில் முந்தானையைச் செருகினாள்.

"சாவு இல்லாத எடத்துல ஒப்பாரி வெச்சா சாவு தேடிகினு வரும். தெரியுமா முசே உனக்கு? யார் வூட்ல வெக்கணும் சொல்லு. உன் வூட்ல வந்து வெக்கட்டா?"

ஆனந்தராஜ் மீன் வாங்காமலே திரும்பிப் போனார்.

ஆனால் கண்ணகியால் சும்மா இருக்க முடியவில்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. தன் அழுகையை ஊரான் வீட்டில் யார் யாரோ கேட்கிறார்கள் என்ற நினைப்பே தேளாய்க் கொட்டியது. நாலாம் நாள் மத்தியானம் மிச்ச மீனை அப்படியே பக்கத்துக் கடையில் தள்ளிவிட்டு, ஈரச் சேலையோடு பஸ் ஏறி, சுவேதா எப்போதோ சொன்ன அடையாளத்தை வைத்து விசாரித்து விசாரித்து ஆனந்தராஜின் வீட்டுக்குப் போய் நின்றாள். உட்காரச் சொல்வதற்கு முன்பே, நல்ல மெத்தை போட்ட நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். வேண்டுமென்றேதான்.

"முழுசா போடு. என்னென்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு கேக்கறேன். கேட்டுட்டு சொல்றேன், அப்பறம் அத்த எடுத்துரணும். உலகத்துல ஒரு தட்டுலகூட இருக்கக் கூடாது."

ஆனந்தராஜ் மறுபேச்சுப் பேசாமல் புதுத் தட்டை உறையிலிருந்து உருவினார். உறையின் முன்பக்கம் ஒரு நீல நண்டு கித்தார் வாசித்துக்கொண்டிருந்தது. பின்பக்கத்தில் ஏதேதோ எழுத்து.

"என் பேரு இதுல இருக்குதா?"

ஆனந்தராஜ் உறையைத் திருப்பிப் பார்த்தார். "பேர் தெரியாத மீனவப் பெண்ணுன்னு போட்டிருக்கு."

"பேர் தெரியாதா? ஒன்றரை வருஷம் எங்க வூட்டுக் குடத்துல தண்ணி வாங்கிக் குடிச்சீங்களே, அப்ப என்னான்னு கூப்ட்டீங்க?"

ஆனந்தராஜ் தட்டைப் பெட்டியில் வைத்துச் சுழலவிட்டார். முள்ளை எடுத்துத் தட்டின் மேல் வைத்தார்.

முதலில் அலைச் சத்தம். அப்புறம் கித்தார். கண்ணகிக்கு அது யாரோ தகர டிரம்மைத் தெருவில் இழுத்துக்கொண்டு போவதைப் போலத்தான் இருந்தது. ஆர்கன் ஒரே சுரத்தில் நின்று இழுத்தது. இதற்கா உலகம் உயிரை விடுகிறது என்று வாயெடுத்தாள். அதற்குள் அவளுடைய பதினெட்டு வயசுக் குரல் வந்துவிட்டது. பின்னால் பெரியம்மா, சித்தி எல்லாரும் மாரடிக்கிற சத்தம். எல்லாரும் போய்ச் சேர்ந்தவர்கள். கண்ணகி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அவள் குரல் மெல்ல ஓய்ந்த இடத்தில் வேறொரு குரல் கேட்டது. ஆண் குரல். அவள் குரலைவிட ரொம்பக் கிட்டத்தில். மைக்குக்குப் பக்கத்திலேயே நின்று, வெளியே கேட்டுவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற குரல்.

*டேய் கோலா... எழுப்பியிருக்கக் கூடாதாடா... ஒரு தடவ கதவத் தட்டி எழுப்பியிருக்கக் கூடாதாடா...*

கண்ணகி எழுந்துவிட்டாள். "இது யாரு?"

"யாருன்னு தெரியல. எங்க ஜன்னலுக்குக் கீழ, வேலிக்கு இந்தாண்ட ஒளிஞ்சு நின்னு ஒருத்தன் அழுதான். மைக்கு ஜன்னல் கட்டையில இருந்ததால வந்து விழுந்துருச்சு. பழைய தட்டுல வெறும் இரைச்சலா இருந்துச்சு. இப்ப டேப்ப சுத்தம் பண்ணதுல தனியா வந்துருச்சு."

"மறுபடி போடு."

போட்டார். மறுபடி என்றாள். மூன்றாவது தடவையும் போட்டார்.

கோவிந்தசாமியை உலகத்தில் வைத்திலிங்கம் ஒருவன்தான் கோலா என்று கூப்பிடுவான். தண்ணீரில் கிடக்காமல் எகிறிக் குதிக்கிற கோலா மீனைப் போல மரத்தில் ஓரிடத்தில் நிற்கமாட்டான் என்பதற்காக வைத்த பேர். வீட்டில்கூட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

வந்திருக்கிறான். இருபதடி தள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறான். கண்ணில் பட்டால் அவள் அப்பனும் சித்தப்பன்மாரும் காலை முறித்திருப்பார்கள், அந்தப் பயத்தில் ஒளிந்து நின்றிருக்கிறான். ஆனால் வந்திருக்கிறான்.

"எடுத்துறச் சொல்லி எழுதறேம்மா" என்றார் ஆனந்தராஜ். "நான் சொன்னா கேப்பாங்க."

"எடுக்காத" என்றாள் கண்ணகி. வாசல்வரை போய்த் திரும்பி, "என் பேரு வேணாம். செத்தவன் பேரு கோவிந்தசாமின்னு போடு. அது போதும்" என்றாள்.

வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்கே போய்க் காலில் விழுந்திருப்பாள். கண்ணகி அந்த ஜாதியில்லை. வழியெல்லாம் அவளுக்குக் கோபம்தான் பொங்கியது. வந்தவன் ஏன் சொல்லவில்லை? ஐம்பது வருஷம் என்னை வாய் வலிக்கத் திட்டவிட்டு வேடிக்கை பார்த்தானா? மறுநாள் காலையில் கடை விரிக்காமல் நேரே ஐஸ் கடைக்கு முன்னால் போய் நின்றாள். மார்க்கெட்டில் கத்திச் சத்தம் நின்றது.

"ஏன் சொல்லல?"

ஐம்பது வருஷத்தில் அவனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. வைத்திலிங்கம் சுத்தியைக் கீழே வைக்கவில்லை.

"இன்னாத்த?"

"வந்தத. அண்ணன் சாவுக்கு வந்து எதிர்வூட்டு ஜன்னலண்ட நின்னத. எல்லாம் ரெக்கார்டுல இருக்குது. கேட்டேன்."

அவன் சுத்தியைப் பிடித்தபடியே நிமிர்ந்தான். அந்தச் சாவுக்கு அப்புறம் கடலில் கால் வைக்காதவன். பயந்தாங்கொள்ளி என்று அதற்கும் தனியாக அவளிடம் திட்டு வாங்கியவன்.

"சொன்னேன். பதினாறாம் நாளு உங்க வாசல்ல வந்து நின்னு சொன்னேன். பொய் சொல்றான்னு அடுப்புச் சாம்பல வாரி என் கண்ணுல அடிச்ச. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. சாம்பல் அடித்தது ஞாபகம் இருந்தது. அவன் என்ன சொன்னான் என்பதுதான் அவள் காதில் ஏறியதே இல்லை.

"ஒருக்கா சொன்னா ஆச்சா? மறுபடி சொல்றதுக்கு இன்னா?"

"மறுபடி எதுக்குச் சொல்லணும்? தூங்கிப்போனது நான்தான? நீ திட்டன. அந்தத் திட்டு எனக்கு வேண்டியிருந்துச்சு." வைத்திலிங்கம் சுத்தியை இப்போதுதான் கீழே வைத்தான். குரல் உயரவில்லை. "என்ன உடு. அன்பு உனக்கு இன்னா பண்ணா? ஆஸ்பத்திரியில எட்டு நாளு கெடந்தா. கண்ணகி வந்தாளா, கண்ணகி வந்தாளான்னு எட்டு நாளும் கேட்டா. பொணமா எடுத்துகினு இந்த மார்க்கெட்டு வழியாத்தான் போனோம். நீ உக்காந்து ஈ ஓட்டிகினு இருந்த. அத்த எந்த ரெக்கார்டுல போய்க் கேக்கப் போற?"

கண்ணகிக்கு வாய் திறக்கவில்லை. மார்க்கெட்டில் அதை யாரும் அதுவரை பார்த்ததில்லை. வைத்திலிங்கம் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஐஸ் உடைக்கத் தொடங்கினான்.

அன்று மத்தியானம் மூன்று மணி இருக்கும். வைத்திலிங்கம் சாப்பிட்டுவிட்டுத் தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தான். தெருமுனையில் கண்ணகி வருவது தெரிந்தது. குளித்திருந்தாள். தலையை முடியாமல் விரித்துப் போட்டிருந்தாள், கையில் ஒரு ரோஜா மாலை. அவனைக் கண்டுகொள்ளாமல் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். சுவரில் பொட்டுவைத்த அன்புசெல்வியின் படம். மாலையை அதன்மேல் சாத்தினாள். கீழே தரையில் சப்பென்று உட்கார்ந்தாள். முழங்கால் மடங்கவில்லை, காலை நீட்டிக்கொண்டாள். மார்பில் ஒரு அடி அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

*மார்க்கெட்டு வழியா நீ போக – என் தோழிப் பொண்ணே*
*மவராசி மாலையோட*
*ஊரெல்லாம் உனக்கழ – நான் பாவி*
*ஒக்காந்து ஈ ஓட்டினேனே...*

அந்தக் குரலுக்கு நாலு சுவர் எம்மாத்திரம்? நிமிஷத்தில் தெருவே திரண்டுவிட்டது. பட்டப்பகலில் கிழவன் போய்விட்டான் என்று நினைத்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தவர்கள், கிழவன் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்தார்கள். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி வைக்கிறாளே, இந்தப் பொம்பளைக்கு என்ன பிடித்தது, நிறுத்தச் சொல்லுங்கள் என்று ஒரு அம்மாள் பதறினாள். ஒரு பயல் போனைத் தூக்கிப் படம் எடுக்கப் பார்த்தான்.

"போன உள்ள வைடா" என்றான் வைத்திலிங்கம். "யாரும் ஒன்னும் எடுக்கக் கூடாது."

"யாருக்கு என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர்.

"என் பொண்டாட்டி செத்துட்டா."

"அது ஒம்பது வருஷம் ஆச்சேண்ணே."

"ஆச்சு. கண்ணகி இப்பத்தான் வந்திருக்கா."

பெண்கள் இரண்டு பேர் உள்ளே போய்க் கண்ணகியின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வைத்திலிங்கம் எழுந்து, ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்தான், சாவுக்கு வந்தவர்கள் போகும்போது கால் கழுவ வைப்பதைப் போல.

அழுது முடிக்க அரைமணி ஆனது. கண்ணகி தூணைப் பிடித்து எழுந்தாள், வெளியே வந்தாள், செம்பை எடுத்துக் காலில் ஊற்றிக்கொண்டாள். சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது முறை. கண்ணகி சொல்லாமல் போனாள்.